முப்பத்துநான்காவது காரணி

றஸீன் சேரின் கையில் பட்ட எந்தப் பிள்ளையும் வாசிக்கத் தெரியாமல் இரண்டாம் ஆண்டைத் தாண்டியது கிடையாது. கற்பிட்டியிலிருந்து மதுரங்குளி வரைக்கும் இருபத்திரண்டு வருடமாக நிலைத்து நிற்கும் உண்மை இது. இதை மறுத்துப் பேசிய ஆள் இன்றுவரை இல்லை. பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று சோதித்துப் பார்ப்பவரும் றஸீன் சேர்தான் என்பதால், வேறு யாருக்கும் அந்த வேலை மிஞ்சவும் இல்லை.

முறை ஒன்றும் சிக்கலானதல்ல. சேர் ஒரு வரி சொல்வார். நாற்பத்தொரு பிள்ளைகளும் அதைத் திருப்பிச் சொல்வார்கள். ஆலங்குடாக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் வாப்பாமாருக்குக் கேட்டு, அவர்கள் தங்கள் பிள்ளை படிக்கிறது என்று நிம்மதியாக மறுபடி இழுக்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்வார்கள். ஒரு பாடத்துக்கு ஐந்து நாள். ஆறாம் நாள் சேர் கைகட்டிக்கொண்டு வாங்குக்கு முன்னால் வந்து நிற்பார். பிள்ளை எழும்பி, மேசையில் புத்தகத்தை விரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்து வாசிக்கும். சேர் தலையை ஆட்டுவார். அடுத்த பிள்ளை எழும்பும்.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்குவார்கள். காற்று வகுப்புக்குள் மணலைக் கொண்டுவந்து கொட்டும். இருபத்திரண்டு வருடமாகப் பாடப் புத்தகத்தின் ஒரே அணிலை ஒரே மாமரத்தில் ஏற்றி இறக்கிய களைப்பு சேரின் முழங்கால்களில் இறங்கியிருந்தது. ஆனாலும் அணில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருடம் வாசிப்பு மாதத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ‘ஆரம்பப் பிரிவு மாணவரின் வாசிப்பைப் பாதிக்கும் காரணிகள்’ என்று தலைப்பு. மொத்தம் முப்பத்துநான்கு காரணிகள். கண் பார்வை, செவிப்புலன், காலைச் சாப்பாடு, வீட்டில் புத்தகம் உண்டா, வீட்டில் யாராவது வாசித்துக் காட்டுகிறார்களா, பெற்றோர் எத்தனையாம் ஆண்டுவரை படித்தார்கள், பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் போன் பார்க்கிறது என்று அது நீண்டு போனது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காரணிக்கும் ஒரு கட்டம். சேர் பெருக்கிப் பார்த்தார். ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு கட்டங்கள். சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் வாசிப்பை எந்தக் காரணியும் பாதித்திருக்கவில்லை போலும்.

“வாசிக்காத புள்ளைக்கு முப்பத்திநாலு காரணம் கண்டுபுடிச்சிரிக்காங்க” என்றார் ஆசிரியர் அறையில். “எனக்குத் தெரிஞ்சு ஒண்டே ஒண்டுதான். சோம்பல்.”

“ஆருக்கு சேர்?” என்று கேட்டாள் சப்னா டீச்சர், கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். முதலாம் ஆண்டுக்கு வந்திருந்த பயிலுநர் ஆசிரியை. பழைய பிஸ்கட் பெட்டியை வெட்டி எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க கதைக்காதீங்க தங்கச்சி. காலம்புற எட்டு மணிக்கு உங்கட வகுப்பில ஆடு கத்துது. எட்டேகாலுக்குக் காகம். பள்ளிக்கூடம் எண்டு நெனச்சிப் புள்ளைய அனுப்புற உம்மாமார், மிருக வைத்தியரத் தேடி வரப்போறாங்க.”

“கத வாசிச்சிக் காட்டக்குள்ள குரல் மாத்தினாத்தான் புள்ளயள் கேப்பாங்க சேர்.”

“கேப்பாங்க. ஆடு கத்தினா நானும்தான் திரும்பிப் பாப்பன். அது வாசிப்பா? பாய விரிச்சி, புள்ளயளோட புள்ளயா இரிந்து ‘மே’ எண்டு கத்துறதுக்கு அரசாங்கம் எதுக்கு ஆளெடுக்கோணும்? ஆட்ட எடுக்கலாமே. புல்லுக் குடுத்தாப் போதும்.”

அறையே சிரித்தது. சப்னாவும் சிரித்தாள். சேர் நல்ல பேனையாக ஒன்றை எடுத்து, முதல் கட்டத்திலிருந்து ‘இல்லை, இல்லை’ என்று எழுதத் தொடங்கினார். ஐந்நூறு கட்டம் தாண்டியதும் கை வலித்தது. முப்பத்துநான்காவது காரணி ‘கற்பித்தல் முறை’. அந்த நிரலில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டார்.

*

செவ்வாய்க்கிழமை ஆசிரிய ஆலோசகர் வந்தார். றோசமேரி மிஸ். சிலாபத்திலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறவர். அன்றைக்கு அது அவருக்கு நாலாவது பள்ளிக்கூடம். வகுப்பில் இருந்த ஒரே கதிரையில் இருந்து, செருப்பிலிருந்து காலை எடுத்து மேசைக்குக் கீழே நீட்டிக்கொண்டார்.

“சேர், உங்கட கெட்டிக்காரப் பிள்ளை ஒண்டக் கூப்பிடுங்க. ரெண்டு மணி பஸ்ஸை விட்டா எனக்கு அஞ்சு மணிக்குத்தான்.”

சேர் யோசிக்கவே தேவை இல்லை. “நஸ்லா!”

நஸ்லா வந்தாள். ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லாவிட்டாலும், கடைசி வாங்குக்கும் கேட்கிற கணீர்க் குரல். மிஸ் பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து, பார்க்காமலே நடுவிலிருந்து ஒன்றை உருவி மேசையில் வைத்தார். பாடப் புத்தகத்தில் இல்லாத ஐந்து வரிகள். சந்தை நாளைப் பற்றியது. மேலே ஒரு வாழைக்குலையின் படம்.

“வாசிங்க மகள்.”

சேர் வழக்கமாக நிற்கிற இடத்தில் இப்போது மிஸ் இருந்தார். எனவே சேர் நஸ்லாவுக்குப் பின்னால் போய் நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை வாசிக்கும்போது அதன் பின்னால் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

நஸ்லா விரலை வரியின் வலப்பக்கக் கடைசியில் வைத்தாள். மெல்ல இடப்பக்கமாக நகர்த்தினாள்.

“எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாமரம் உண்டு. மாமரத்தில் ஓர் அணில் உண்டு. அணில் அழகானது.”

வாழைக்குலைக்குக் கீழே அணில் ஏறியது. மாம்பழம் தின்றது. தம்பி கைதட்டினான். ஓரிடத்தில் நிறுத்தம், ஓரிடத்தில் இழுப்பு, கேள்விக்குறி வருகிற இடத்தில் குரலில் ஒரு தூக்கல். எல்லாம் சேர் சொல்லிக்கொடுத்தபடியே. விரல் ஒவ்வொரு வரியிலும் வலத்திலிருந்து இடத்துக்கு, ஓதப்பள்ளியில் குர்ஆன் மேல் போகிற அதே பதவிசோடு போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் வரியின் இடப்பக்க ஓரத்தில் பாடமும் முடிந்தது, விரலும் முடிந்தது. அப்படி ஒரு கணக்கு.

றோசமேரி மிஸ் அந்த நேரம் வரவு இடாப்பில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். முகத்தில் நாலு பள்ளிக்கூடத்தின் அலுப்பும் கொஞ்சம் கழன்றிருந்தது.

“ஆ... என்ன உச்சரிப்பு! இண்டைக்குக் காலையிலயிருந்து இப்பதான் ஒரு பிள்ளை வாசிச்சது. சேர், இவவத்தான் வலய வாசிப்புப் போட்டிக்குப் போடுறன். அடுத்த வியாழன். மைக் எல்லாம் இருக்கும். பயப்படுவாவா?”

“பயமில்ல மிஸ்” என்றாள் நஸ்லா.

சேர் வாயைத் திறந்தார். நாற்பது பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார். நீட்டிய படிவத்தில் கையெழுத்தும் வைத்தார்.

முன்னால் நின்று பார்க்கிறவருக்கு எல்லாம் தலைகீழ். பிள்ளையின் வலம் அவருக்கு இடம். இப்படிப்பட்ட விரல்கள் எத்தனையோ வருடமாக அவர் கண்ணுக்கு ஒழுங்காக இடத்திலிருந்து வலத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

*

பள்ளிக்கூடம் விட்டதும் நஸ்லாவை மறித்தார். பாடப் புத்தகத்தை விரித்து, படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

“வாசி.”

“கைய எடுங்க சேர்.”

“ஏன்?”

“அணிலக் காணல்ல.”

கையை எடுத்தார். அவள் முழுப் பாடத்தையும் ஒப்புவித்தாள். சேர் கரும்பலகையில் ‘அணில்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதினார். நஸ்லா பலகையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு சேரின் மேல் இரக்கப்பட்டவள் போல மெதுவாகக் கேட்டாள்.

“எத்தனையாம் பக்கம் சேர்?”

பொய் சொல்கிற பிள்ளையின் முகமில்லை அது. வாசிப்பு என்றால் இதுதான் என்று அவளுக்கு யாரோ காட்டித்தந்திருந்தார்கள்; அதை அவள் வகுப்பிலேயே திறமாகச் செய்துகொண்டிருந்தாள்.

சேர் அன்று பின்னேரமே றோசமேரி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார். போட்டியில் வாசிக்க என்ன பந்தி வரும் என்று சுற்றிவளைத்துக் கேட்டார். பந்தி கிடைத்தால் நாலு நாளில் நஸ்லாவின் வாயில் ஏற்றிவிடலாம். விரலை மட்டும் மாற்றினால் போதும்.

“இந்த முறை அங்க வச்சுத்தான் குடுப்பம் சேர்” என்றார் மிஸ். “போன வருசம் எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திட்டாங்கள். ஒரு பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியேல்ல. உங்கட பிள்ளைக்கு அந்தப் பிரச்சினை இல்லத்தானே.”

“இல்ல மிஸ்” என்றார் சேர். படிவம் நிரப்பிய பழக்கம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நஸ்லாவின் உம்மா வந்து நின்றாள். உம்மு குல்சூம். கரையில் பட்டம் விடுகிறவர்கள் தங்கும் ஹோட்டலில் படுக்கை விரிப்புக் கழுவுகிறவள். கை இரண்டும் சவர்க்காரத்தில் வெளிறிச் சுருங்கியிருந்தன.

“சேர், அவ வாசிக்கிற வீடியோவ அவட வாப்பாக்கு அனுப்பினன். கட்டார்ல அவரோட ரூம்ல இரிக்கிற பன்னெண்டு பேரும் பாத்தாங்களாம். ஒரு மலையாளத்தாளும் பாத்தாராம்.”

“நல்லம் நல்லம்.”

“வியாழக்கிழமை லீவு கேட்டுட்டன். மெனேஜர் சிங்களத்தில என்னமோ புறுபுறுத்தார், நானும் சிங்களத்திலயே திருப்பிக் குடுத்தன். எனக்கு அஞ்சாம் ஆண்டோட போச்சு சேர். அகதி முகாம்ல நாலு பேருக்கு ஒரு புத்தகம், அதிலயும் நடுப்பக்கம் இல்ல. என்ட புள்ள மைக்கில வாசிக்கிறத நான் கண்ணால பாக்கோணும். அவ்வளவுதான்.”

சேர் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய வசனம் சிறியது. அவர் “வெயில் கூடப் போல” என்று சொன்னார்.

*

பிழை யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று சேருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அன்று அசர் தொழுகைக்குப் பிறகு ஓதப்பள்ளிக்குப் போனார். உசனார் லெப்பை பிள்ளைகளை அனுப்பிவிட்டு, குர்ஆனை வைத்து ஓதும் ரெஹால் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஹஸரத், ஒரு கத. புள்ளயள்ட விரல் பழக்கம் கெட்டுப்போயிரிக்கி. எல்லாம் வலப்பக்கத்தால வருது.”

“குர்ஆன் வலப்பக்கத்தாலதான் மாஸ்டர். அத நான் மாத்த ஏலாது.”

“அதச் செல்லல்ல. பாத்து வாசிக்காம மனப்பாடமாச் செல்றாங்க.”

உசனார் லெப்பை அடுக்குவதை நிறுத்தினார். கோபப்படவில்லை. அதுதான் சேருக்குக் கஷ்டமாக இருந்தது.

“இஞ்ச வாற புள்ள மனசில ஏத்தத்தான் வருது. தொழுகையில நிண்டா கையில புத்தகமா இரிக்கும்? அது என்ட வேல. உங்களுக்கும் அதே வேலதான் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே.”

சேர் ஒரு ரெஹாலை எடுத்து அடுக்கின் மேல் வைத்தார்.

“ஆரு, நஸ்லாவா?” என்று கேட்டார் லெப்பை. “ரெண்டு தரம் கேட்டாப் பிடிச்சுப்போடுவா. அப்பிடிப்பட்ட புள்ள. காதாலயே எல்லாம் கெடைக்கக்குள்ள கண்ணுக்கு என்ன அவசரம்? நீங்க அவளுக்குத் தெரியாத ஒண்டக் குடுத்துப் பாக்கல்லயா, இவ்வளவு நாளும்?”

திரும்பி நடக்கும்போது சேர் மணலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

வியாழனும் வெள்ளியும் தன் முறையிலேயே நிவாரணம் தேடினார். எழுத்துப் பலகையைச் சுவரில் அடித்து, நஸ்லாவை அதன் முன்னால் நிறுத்தினார். உயிர், மெய், உயிர்மெய். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் இருநூற்று நாற்பத்தேழையும் வரிசை பிசகாமல் சொன்னாள். சேருக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. ‘ணி’யைத் தொட்டு, “இது என்ன?” என்றார். நஸ்லா ‘அ’விலிருந்து புறப்பட்டாள். பஸ் எல்லாத் தரிப்பிலும் நின்று வருவது போல எல்லா எழுத்திலும் நின்று நின்று, நாலு நிமிடம் கழித்து ‘ணி’க்கு வந்து சேர்ந்தாள்.

“வயித்துக்குத்து சேர்” என்றாள் பிறகு.

அதற்கு முன் நஸ்லா பள்ளிக்கூடத்தில் வயிற்றுக்குத்து என்று சொன்னதில்லை. அடுத்த பாடத்துக்கு “ஆர் வாசிக்கிற?” என்று கேட்டபோது அவள் கை தூக்கவுமில்லை.

சேர் மற்றப் பிள்ளைகளையும் பார்த்தார். இந்த முறை பின்னால் நின்று, அவர்களுக்குத் தெரியாத வரிகளைக் கொடுத்து. பத்தொன்பது பேர் வாசித்தார்கள். பதினாலு பேர் பாடினார்கள். எட்டுப் பேர் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தார்கள். அந்தப் பத்தொன்பது பேரும் எப்படி வாசிக்கப் பழகினார்கள் என்பது சேருக்கு விளங்கவில்லை. அவருக்குத் தெரியாமல் நடந்த ஏதோ ஒன்று.

இடைவேளையில் நஸ்லா விளையாடப் போகவில்லை. இரண்டு வகுப்பையும் பிரிக்கும் தட்டிக்கு அந்தப் பக்கம் முதலாம் ஆண்டுப் பாயில் போய் ஒட்டிக்கொண்டாள். சப்னா டீச்சர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி இருந்தாள். மடியில் ஒரு கதைப் புத்தகம். இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள், ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு. அவள் விரல் சொற்களுக்குக் கீழே ஊர்ந்தது.

“கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தா, உள்ளுக்குள்ள ஒரு...” நிறுத்தினாள். விரலும் நின்றது. அந்தப் பக்கத்தில் கிணறு மட்டும்தான், வேறு படம் கிடையாது.

பிள்ளைகள் பேய் என்றார்கள், மீன் என்றார்கள், ஒருத்தி பொலிஸ் என்றாள். நஸ்லா ஒன்றும் சொல்லாமல் அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆ...” என்றாள். “ஆ... டு. ஆடு!”

சப்னா கைதட்டவில்லை, புகழவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். ஆடு இருந்தது. “மே...” என்றாள் சப்னா, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அடித்தொண்டையில். நஸ்லா குப்புற விழுந்து சிரித்தாள்.

தட்டியின் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்தபோது சேருக்குக் குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்திருந்தது. இரண்டு நாளில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து செய்யாததை ஓர் ஆடு செய்துவிட்டுப் போயிருந்தது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

*

சனிக்கிழமை ஹோட்டலின் பின்பக்கம் போனார். கொடியில் வெள்ளை விரிப்புகள் காற்றில் அறைந்துகொண்டிருந்தன. உம்மு குல்சூம் வாயில் கவ்வியிருந்த கிளிப்புகளைத் துப்பிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள்.

“சேர்? என்ன, புள்ளைக்கு ஏதுமா?”

“புள்ளைக்கு ஒண்டுமில்ல.” சேர் ஒரு விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். “நஸ்லாக்கு வாசிக்கத் தெரியா. எல்லாம் மனப்பாடம். போட்டிக்குப் போனா மேடையில நிண்டு அணில் பாடத்தச் செல்லுவா. சபை சிரிக்கும்.”

அவள் அவரையே பார்த்தாள்.

“எப்ப தெரியும்?”

“செவ்வாக்கிழம.”

“நான் வந்தது புதன்கிழம. வெயில் கூட எண்டு சென்னீங்க.”

“ஓம்.”

“நான் படிக்காதவ. வீடியோவ நூறு தரம் பாத்தும் எனக்கு விளங்கல்ல, அது சரி. நீங்க இருவது வருசமா இதுதானே சேர் பாக்குறீங்க? இந்த விரிப்பில ஒரு கற இரிந்தா மெனேஜர் என்னத் திருப்பி அனுப்புவார். உங்களுக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லயா?”

இல்லை. அதுதான் உண்மை. விரிப்பு அவர் முகத்தில் ஒரு அறை அறைந்து விலகியது.

“அவட வாப்பாக்கு நான் என்ன செல்ல?” குரல் இறங்கிவிட்டது. கோபத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் அவளுக்குச் சக்தி இருக்கவில்லை. மணி பதினொன்று, இன்னும் இரண்டு கூடை இருந்தது. “பன்னெண்டு பேர் பாத்திரிக்காங்க.”

“நான் கதைக்கிறன் அவரோட.”

“வேணாம். நீங்க புள்ளையோட கதைங்க. என்னால ஏலா.”

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட அதிபர் ஜபாரிடம், போட்டியிலிருந்து நஸ்லாவின் பெயரை எடுக்கும் கடிதத்தைக் கொடுத்தார். அதிபர் இரண்டு தரம் வாசித்தார்.

“என்ன சேர் இது, ‘மாணவிக்கு வாசிக்கத் தெரியாது’ எண்டு? ஆரும் இப்பிடி எழுதுவாங்களா? பள்ளிக்கூடத்துக்கு மானக்கேடு. காய்ச்சல் எண்டு எழுதுங்க.”

“காய்ச்சல் எண்டு எழுதினா ரெண்டு நாளில சொகமாயிரும் சேர். பிறகு அடுத்த போட்டிக்குக் கூப்பிடுவாங்க.”

“உங்கட பேர்தான் கெட்டுப்போகும்.”

“ஓம்” என்றார் றஸீன் சேர். “அதையும் அனுப்புங்க.” நீட்டியது அந்தப் பெரிய படிவம். கடைசி நிரலில் இழுத்திருந்த நீளமான கோட்டுக்கு மேலேயே இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு நேரே ‘ஆம்’ என்று எழுதியிருந்தது. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நஸ்லாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் நீளமாக இருந்தது. அவளை வாங்கில் இருத்தி, அவரும் சிறுபிள்ளை வாங்கில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்.

“போட்டிக்கு நாம போகல்ல.”

“நான் பிழையாச் சென்னேனா சேர்?”

“இல்ல. நீங்க நான் சென்னபடிதான் சென்னீங்க. ஒரு பிழையும் இல்ல. நான்தான் ஒழுங்காப் பாக்கல்ல.”

“அப்ப நீங்க திரும்பப் பாருங்க” என்றாள்.

*

வியாழக்கிழமை. அதிபரும் மூன்று ஆசிரியர்களும் மற்ற வகுப்புப் பிள்ளைகளோடு போட்டிக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் பாதி காலி. பத்தொன்பது பேரையும் எழுதச் சொல்லிவிட்டு, மற்ற இருபத்திரண்டு பேரையும் வகுப்பின் பின்பக்கம் கூப்பிட்டார் சேர். அங்கே ஒரு பாய் விரித்திருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்தது. யாரும் கேட்டால் மணலுக்காக என்று சொல்ல நினைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

பாயில் இருப்பது இலேசான வேலையாக இருக்கவில்லை. முதலில் கதிரையைப் பிடித்தார், பிறகு சுவரைப் பிடித்தார், கடைசிப் பகுதியை விழுந்து முடித்தார். நஸ்லா வலப்பக்கத்தில் வந்து ஒட்டினாள். மற்றவர்கள் முதலில் எட்டியே நின்றார்கள். சேர் பாயில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. பிறகு ஒருவன் வந்தான். பிறகு எல்லோரும் வந்தார்கள். தோளில், முதுகில், முழங்காலில் என்று பாரம் ஏறியது.

வாசலில் உம்மு குல்சூம் நின்றாள். எடுத்த லீவைத் திருப்பிக் கொடுக்க முடியாமல், போட்டிக்கென்று தைத்த அபாயாவோடு வந்திருந்தாள். சேரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கதவோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன வாங்கில் இருந்தாள்.

சேர் புத்தகத்தை மடியில் விரித்தார். யாருக்கும் தெரியாத புத்தகம். புத்தளத்தில் தேடி வாங்கியது. விரலை இடப்பக்கத்தில் வைத்தார். இப்போது எல்லோருடைய இடமும் ஒரே இடம்தான்.

“ஒரு நாள் ரோட்டுக்கு நடுவில ஒரு...” நிறுத்தினார். படம் அடுத்த பக்கத்தில்தான்.

“பஸ்” என்றான் ஒருவன். “லொறி” என்றான் இன்னொருவன். நஸ்லா விரலின் நுனியைப் பார்த்தாள். நேரம் போனது. சேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட வாய் அரித்தது. இருபத்திரண்டு வருடத்துப் பழக்கம். பற்களைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

“க...” என்றாள் நஸ்லா. அடுத்த எழுத்தில் முட்டிக்கொண்டாள். அதைத் தாண்டி அதற்கடுத்ததைப் பார்த்தாள். “க... க... தை...” திரும்பி வந்து நடுவில் உள்ளதை நாக்கால் தடவிப் பார்த்தாள். “கழு... கழுதை!”

சேர் பக்கத்தைத் திருப்பினார். கழுதை நின்றது. பிள்ளைகள் ஊளையிட்டார்கள். கதவுப் பக்கம் இருந்த உம்மு குல்சூம் போனை எடுக்கவில்லை. அபாயாவின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொலிஸ்காரர் விசில் அடித்தார். கழுதை அசையவில்லை. கழுதை...” சேர் நின்றுவிட்டார். அடுத்த சொல் ‘கத்தியது’. அதற்குப் பிறகு ஒரு புள்ளி. அவ்வளவுதான். வாசித்துவிட்டுப் போகலாம்.

“எப்பிடிக் கத்திச்சு சேர்?” என்றாள் நஸ்லா.

“கழுத மாதிரித்தான்.”

“சப்னா டீச்சர் எண்டா கத்திக் காட்டுவா.”

இருபத்திரண்டு முகங்களும் அவரைப் பார்த்துக் காத்திருந்தன. சேர் தட்டிப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் முதலாம் ஆண்டு, எப்போதும் இல்லாத அமைதியோடு இருந்தது. வாசல் பக்கம் பார்த்தார். உம்மு குல்சூமும் காத்திருந்தாள்.

தொண்டையைச் செருமினார். குரலைத் தணித்து, தனக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, மூச்சை உள்ளே இழுத்து ஒரு பாதியும் வெளியே விட்டு மறுபாதியுமாகக் கத்தினார். வயதுக்கும் சேவைக்காலத்துக்கும் குறைவில்லாத கழுதை.

“இன்னும் ஒருக்கா சேர்” என்றாள் நஸ்லா, விரலை அவர் விரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

சேர் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் நான்கு கழுதைகள் இருந்தன.